டிரில் மாஸ்டர் நடத்திய இதயப் பாடம்

இந்தக் காலத்தில் ஒருத்தரும் தெரிந்த வேலையைச் செய்வதில்லை. செருப்புக் கடைக்குப் போனால் குடை வாங்கச் சொல்கிறான். முடி வெட்டுகிறவன் வந்த வேலையை விட்டுவிட்டு முகத்தில் களிம்பு தடவப் பார்க்கிறான். பாங்கில் இருக்கிற பெண் நம் பணத்தை வாங்கிப் போடுவதற்கு முன்னால் நம் ஆயுளைப் பற்றி விசாரிக்கிறாள். கேட்டால் காலம் மாறிவிட்டது என்கிறார்கள். காலம் எங்கே மாறியது, ஆள்தான் மாறிவிட்டான்.

பெரியவர் இதைச் சவரம் செய்துகொண்டே சொன்னார். கேட்பதற்குக் கண்ணாடியைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கண்ணாடியையும் அவர் முழுசாக நம்புவதில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்.

ஊரில் எவனோ எப்படியோ போகட்டும். சொந்த வீட்டிலேயே அந்தக் கூத்து நடந்தால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவருடைய மகன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன். வெட்டவெளியில் நாலு பேர் பார்க்கச் செய்கிற வேலை. அதில் ஒளிவு மறைவு கிடையாது. பெரியவருக்கு அதனாலேயே அந்த வேலையைப் பிடிக்கும்.

விடுமுறை தொடங்கிய அன்று தலைமையாசிரியை அவனைக் கூப்பிட்டுச் சொன்னதுதான் இத்தனைக்கும் வினை. மைதானத்தில் புதுக் கட்டடம் வரப்போகிறது. மைதானம் போனபிறகு டிரில் மாஸ்டர் எதற்கு? ஆனால் உயிரியல் டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டாள். நீங்கள் ஒரு காலத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், ஃபைலில் இருக்கிறது. விடுமுறைக்குள் படித்துத் தயாராகி, மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள். சரியாக வந்தால் நீங்கள்தான் உயிரியல் ஆசிரியர்.

சரியாக வராவிட்டால் என்ன என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. சொல்லாததைப் பெரியவர் தானே நிரப்பிக்கொண்டார்.

"மைதானத்துக்கு நடுவுல குழி வெட்டிட்டு அதுக்குள்ள உன்னையும் தள்ளப் பாக்கறாங்கடா. படிக்கச் சொல்றது சும்மா கண்துடைப்பு."

இந்த விடுமுறையில் மட்டும் இதை அவர் எத்தனை முறை சொன்னார் என்பது வீட்டில் யாருக்கும் கணக்கில்லை. மகன் பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டுவான். படித்த விலங்கியலெல்லாம் விசில் சத்தத்தில் எப்போதோ பறந்துபோயிருந்தது. புழுவிலிருந்து ஆரம்பித்தான். பிறகு இலை, ரத்தம், எலும்பு என்று ஏறிவந்தான். தலைமையாசிரியை நடத்திக் காட்டச் சொன்ன வகுப்பு இன்றைக்குத்தான். பாடம், இதயம்.

விடுமுறை முழுக்க வீடு வீடாக இல்லை. அதற்கு மகனை மட்டும் சொல்லிப் பயனில்லை, பேத்திக்கும் பங்குண்டு. பள்ளி திறந்ததும் அவள் மேல்வகுப்புக்குப் போகிறாள். அப்பா தேறினால் அவளுக்கே அவர்தான் வாத்தியார். வகுப்பில் அவர் திருதிருவென்று விழித்தால் மானம் யாருக்குப் போகும் என்று, அவருக்கு முன்னால் தானே புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள்.

அப்பாவுக்கு உயிரணுவின் பாகங்கள் மனதில் நிற்கவில்லை என்று வீட்டையே உயிரணுவாக்கிச் சீட்டு ஒட்டினாள். குக்கருக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர், சக்தி அங்கேதான் தயாராகிறதாம். அம்மாவின் கைப்பை நியூக்ளியஸ், எல்லா உத்தரவும் அதிலிருந்துதான் வருகிறதாம். பெரியவரின் கட்டிலில் வாக்குவோல் என்று ஒட்டியிருந்தாள்.

அது என்னவென்று அவர் கேட்டார். வேண்டாததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிற பை என்றாள். கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்த பூட்டுகளும், நூல் கண்டுகளும், கைப்பிடி போன குடைகளும் இருந்தது உண்மைதான். பெரியவர் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. ஆனால் சீட்டைக் கிழிக்கவும் இல்லை.

அப்பாவிடம் பேத்தி ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள். வகுப்பில் அவர் அவளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவளும் அப்பா என்று வாய் திறக்க மாட்டாள். அங்கே அவர் யாரோ, அவள் யாரோ. மகன் சரி என்று தலையாட்டினான். ஆட்டும்போது முகம் கொஞ்சம் வாடியதைப் பெரியவர் பார்த்தார். ஆலை வாசலில் ஆயுசுக்கும் காவல் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவர் பையையும் முகத்தையும் பார்த்துப் பழகியவர். முகம் வாடினால் அவர் கண்ணுக்குத் தப்பாது.

காலையில் கடைசி ஒத்திகை நடந்தது. கூடத்தில் மூன்று நாற்காலி போட்டு மருமகள், பேத்தி, பெரியவர் மூவரையும் மாணவர்களாக உட்கார வைத்தான் மகன். மருமகள் மருந்துக் கடையில் கணக்கும் கவுண்டரும் பார்க்கிறவள். வேலைக்குக் கிளம்பத் தயாராகிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதயம் நெஞ்சுக் கூட்டுக்குள் சற்றே இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி நெஞ்சில் கை வைத்துக் காட்டினான்.

பேத்தி கையைத் தூக்கினாள். "அப்பா, உங்க இதயம் வலது பக்கம் போயிடுச்சு."

குனிந்து பார்த்தான். வலது பக்கம்தான் கை இருந்தது. அசடு வழிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இடது என்று வாய் சொன்னது, கை மறுபடியும் வலது பக்கத்துக்கே போனது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டிரில் மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்கிறவன். இடது கையைத் தூக்கு என்று சொல்லித் தன் இடது கையையே தூக்கினால், எதிரே நிற்கிற சின்னப் பிள்ளைகள் குழம்பிப்போய் வலது கையைத் தூக்கும். அதனால் அவன் இடது என்று சொல்லும்போது தன் வலது கையைத்தான் தூக்குவான். கண்ணாடியில் தெரிகிற மாதிரி பிள்ளைகளும் சரியான கையைத் தூக்கிவிடும். வருஷக்கணக்காக அப்படியே செய்து செய்து, நாலு பேர் எதிரே நின்றாலே கை தானாக இடம் மாறிவிடுகிறது. தனியாக இருக்கும்போது சரியாகத்தான் காட்டுகிறான்.

மருமகள் யோசித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து அவன் இடது மணிக்கட்டில் கட்டினாள். "இந்தக் கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க. கைக்குட்டை இருக்கற பக்கம் இதயம். வேற எதையும் யோசிக்காதீங்க."

அடுத்த தடவை கைக்குட்டை கட்டிய கையைத் தூக்கி வலது பக்கம் நெஞ்சில் வைத்தான்.

மருமகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேத்தி நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள். மகனும் சேர்ந்து சிரித்தான். வேலை போகிற காரியத்தில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று பெரியவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்புக் கேட்டு நாளாயிற்று என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றாள் மருமகள்.

"சொல்ல என்ன இருக்கு? இடது வலது தெரியாத ஆளுக்கு எவ வேலை குடுப்பா?" என்றார். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. தானும் வருவதாகவும், அங்கே என்ன தில்லுமுல்லு நடக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். மகன் மறுக்கப் போனான். மருமகள் கண்ணைக் காட்டி அடக்கினாள். முடிந்ததும் கடைக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அவர்கள் மூவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி ஒருவன் இருந்தான். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யார், எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதெல்லாம் ஒரு காவலா?" என்று பெரியவர் முணுமுணுத்தார். வாசலிலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது அவருக்கு.

மேல்வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய வந்திருந்தார்கள். விடுமுறையிலேயே உயிரியலுக்குக் கொஞ்சம் அடித்தளம் போட்டுக்கொள்ளட்டும் என்று தலைமையாசிரியை வரச் சொல்லியிருந்தாள். பேத்தி நடுவரிசையில் போய் அப்பாவை யாரென்றே தெரியாத முகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். தலைமையாசிரியை கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கையில் பேனாவோடு இருந்தாள். பெரியவருக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. கரும்பலகைப் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். நின்று பழகிய உடம்பு. நின்றால்தான் எல்லாம் தெரியும்.

மகன் நன்றாகவே ஆரம்பித்தான். ஒரு நாளைக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று கேட்டான். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவரவர் மணிக்கட்டில் நாடி பிடித்து எண்ணச் சொன்னான். பரவாயில்லையே என்று பெரியவர் நினைத்த நேரத்தில்தான் அது நடந்தது.

"எல்லாரும் இடது பக்கம் நெஞ்சுல கை வைங்க" என்று சொல்லி, தன் வலது பக்கம் நெஞ்சில் பொத்தென்று கையை வைத்தான்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. சத்தமில்லாத குரல். "சார், ஒரு நிமிஷம். இதயம் எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்னீங்க?"

மகன் குனிந்து தன் கையைப் பார்த்தான். கைக்குட்டை கட்டிய இடது கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காது வரைக்கும் சிவந்துபோனான். வெட்டவெளியில் நூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவன், நாலு சுவருக்குள் ஒரு கேள்விக்கு மரமாக நின்றான். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று பெரியவர் நினைத்தார். கதவை விட்டு ஓர் அடி முன்னால் வைத்தார். போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

அதற்குள் நடுவரிசையில் பேத்தி எழுந்துவிட்டாள்.

"மேடம், நாங்க சரியாத்தான் வச்சிருக்கோம். எங்கப்பா எதிர்ல நின்னா எப்பவும் மாத்தித்தான் காட்டுவார். அது எங்களுக்காக."

அப்பா என்று சொல்லிவிட்டது சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. முகம் சிவக்க, நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

தலைமையாசிரியைக்குப் பிள்ளைகளின் முதுகுதான் தெரிந்தது. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மகன் மகளைப் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்தினான். பிள்ளைகளுக்கு அந்த நிமிர்வு தெரியும், தினமும் மைதானத்தில் பார்க்கிறதுதான்.

"கிளாஸ், கையை எடுக்காம எழுந்திரிங்க. அபவுட் டர்ன்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வகுப்பே ஒரே வீச்சில் திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்து நின்றது. அத்தனை கையும் இடது பக்கம் நெஞ்சில். சின்ன வகுப்பிலிருந்து அவனுடைய விசிலுக்கு வளர்ந்த பிள்ளைகள், கை தப்புமா? வேறு பள்ளியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டும் எதற்கு வம்பு என்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கும்பிடுகிற மாதிரி நின்றான்.

தலைமையாசிரியை பேனாவை மூடினாள். மேற்கொண்டு நடத்தும்படி கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. இதயப் படத்தைச் சுவரில் மாட்டினான். இந்தப் படமும் உங்களுக்கு எதிரே நிற்கிற ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், என்னை மாதிரி, என்றான். அதனால் படத்தின் இடது பக்கம் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். இதில்தான் வருஷா வருஷம் பிள்ளைகள் மார்க்கை விடுவார்கள் என்று தலைமையாசிரியையே பிறகு சொன்னாள். இந்தப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு வகுப்பை நாலு அறையாக்கினான். வலது மேலறை, வலது கீழறை, இடது மேலறை, இடது கீழறை. பிள்ளைகள்தான் ரத்தம். கரும்பலகைப் பக்கத்துக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். தாழ்வாரம் நுரையீரல். அங்கே ஆளுக்கொரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஆக்ஸிஜன். எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து, இடது பக்க அறைகளைக் கடந்து உடம்புக்குப் போக வேண்டும். லெஃப்ட், ரைட் என்று குரல் கொடுத்தான். ரத்தம் அணிவகுத்துப் புறப்பட்டது.

பெரியவர் கதவிலேயே நின்றார். பிள்ளைகள் அவரைத் தாண்டி வெளியே போனார்கள். ஒரு பையன் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி உள்ளே வரப் பார்த்தான். பெரியவரின் கை தானாக நீண்டு வாசலை அடைத்தது.

"போனது போனதுதான். உள்ள வரணும்னா சுத்திக்கிட்டு அந்த வாசல் வழியா வா."

"தாத்தா, என் பேனா."

"பேனா எங்கயும் போகாது. நட."

மகன் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினான். "பாத்தீங்களா? கீழறைக்கும் நுரையீரலுக்குப் போற குழாய்க்கும் நடுவுல இருக்கற வால்வு இதைத்தான் செய்யுது. போக விடும், திரும்ப விடாது. அது கெட்டுப்போனா ரத்தம் பின்னால வரும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தன்னை வைத்து ஏதோ கேலி நடக்கிறது என்று மட்டும் பெரியவருக்குப் புரிந்தது. கையை இறக்கவில்லை. தாழ்வாரத்தைக் காட்டி, "டேய், அந்த நெட்டையன் ரெண்டு சாக்பீஸ் எடுத்துட்டான், அதையும் கேளு" என்றார்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்ததும் தலைமையாசிரியை தாழ்வாரத்துக்கு வந்தாள். பாடம் நன்றாக இருந்தது என்றாள். பள்ளி திறந்ததும் மேல்வகுப்பு உயிரியல் அவனுக்குத்தான் என்றும், நடுவில் ரத்த ஓட்டம் தன்னையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போனதை மறக்க மாட்டேன் என்றும் சொன்னாள். சிரித்தமாதிரி இருந்தது.

மகன் சட்டையெல்லாம் வேர்வை. மருந்துக் கடைக்குப் போன் செய்தான். மருமகள், கவுண்டரில் ஆள் நிற்கிறது, சாயங்காலம் கை நிறைய இனிப்போடு வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

பேத்தி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். நிபந்தனையை யார் முதலில் மீறியது என்று அவன் கேட்கவில்லை. அவள் அவன் மணிக்கட்டுக் கைக்குட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவன் கையைக் கொடுத்துவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் அதைப் பார்த்தார். அவருக்கும் உள்ளுக்குள் என்னவோ இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் ஆகாது, யாராவது ஒருத்தர் விழித்திருக்க வேண்டுமே.

"ஏம்மா, இது எழுத்துல எப்போ வரும்?" என்று தலைமையாசிரியையைக் கேட்டார்.

நிர்வாகம் கூடிப் பேசியதும் வரும் என்றாள். எப்போது கூடுவார்கள் என்று கேட்டார். கூடுவார்கள் என்றாள்.

அப்போதுதான் அலுவலக வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பெரியவர் கவனித்தார். அவர்கள் வரும்போது அந்த பெஞ்சு காலியாக இருந்தது. படிய வாரிய தலை, மடியில் ஃபைல், ஃபைலுக்கு மேலே மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. பெரியவர் நேராக அவரிடம் போனார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

அந்த ஆள் மரியாதையாக எழுந்து நின்றார். "மேடம் வரச் சொல்லியிருந்தாங்க ஐயா." தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு" என்றாள் அவள். சட்டென்று சொன்னாள்.

அப்பா, வாங்க போகலாம் என்று மகன் தோளைத் தொட்டான். பெரியவர் நகரவில்லை. உதவியாளர் வேலைக்கு வருகிறவன் இத்தனை தடிமனான ஃபைலோடு வருவானா? அதற்குள் எத்தனை பட்டம் இருக்கும்? எத்தனை பையைத் திறந்து பார்த்தவர் அவர். கனத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவர் பார்வை போன இடத்தைத் தலைமையாசிரியையும் பார்த்தாள்.

"பெரியவரே, உங்க மகனுக்குத்தான் வேலை. நான் சொன்னா சொன்னதுதான்."

"எங்க ஆலை முதலாளியும் அப்படித்தாம்மா சொன்னார்" என்றார் பெரியவர். "இப்போ அந்த இடத்துல கார் நிறுத்தறாங்க."

மகனும் பேத்தியும் ஏதோ சமாதானம் சொல்லக் கிட்டே வந்தார்கள். அவர் நிற்கவில்லை. தாழ்வாரத்தின் படியிறங்கி, செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்த காவலாளியைத் தாண்டி, தலையை ஆட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.